மங்கம்மா கிடந்த இடம்

விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கண்ணாடித் தொட்டியின் வலைமூடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன்மேல் பாரத்துக்கு வைத்திருந்த இரண்டு செங்கற்களும் தரையில் கிடந்தன. அந்தச் சத்தத்துக்கும் எழாமல் தூங்கியிருக்கிறேன். உள்ளே மங்கம்மா இல்லை.

மங்கம்மா நான் வளர்க்கும் போவா வகைப் பாம்பு. 2.2 மீட்டர் நீளம், 9 கிலோ எடை. கட்டிலடி, துணி அலமாரி, பரண் என்று வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினோம். மூன்று மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரஸரை ஒட்டிச் சுருண்டு கிடந்தாள். அங்கே கை வைத்தேன், இதமான சூடு. திரும்பி வந்து தொட்டிக்குள் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. வெப்பமானி 22 டிகிரி காட்டியது. பாம்பென்றால் படையும் நடுங்குமாம். என் வீட்டில் பாம்பல்லவா குளிரில் வாடியிருக்கிறது!

அதுவரை மூடியின் பாரத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் வெளியேறிய காரணம் தொட்டிக்குள்ளேயே இருந்தது. கண்ணாடி வெப்பத்தைப் பிடித்து வைக்காது; வலைமூடியோ இருக்கிற கொஞ்சத்தையும் ஈரப்பதத்தையும் மேலே விட்டுவிடும். அடியில் விரித்திருந்த வெப்பப் பாய் காற்றைச் சூடாக்காது. அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கனமான பாம்பு ஒரே இடத்தில் படுத்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் அதன் வயிற்றுக்கடியில் சேர்ந்துகொண்டே போகும். தோல் வெந்தாலும் பாம்பு சட்டென்று விலகுவதில்லை. சூடாகும் செயற்கைப் பாறைகளையும் இந்தக் காரணத்துக்காகவே வாங்கக் கூடாது.

புதிய பெட்டியை பி.வி.சி. பலகையில் செய்யச் சொன்னேன். நீளம் 240 செ.மீ., அகலம் 90, உயரம் 75. பாம்பு உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பிளைவுட்டும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்தான். ஆனால் மூட்டுகளை நன்றாக அடைக்காவிட்டால் ஈரத்தில் ஊறி உப்பிவிடும். கதவு முன்பக்கம், நகரும் கண்ணாடி, பூட்டுடன். மேலிருந்து கை இறங்கினால் பருந்து பாய்வதுபோல் பாம்பு மிரளும். பூட்டில்லாத கண்ணாடியை அது உடலால் அழுத்தியே நகர்த்திவிடும்.

வெப்பத்துக்குக் கூரையின் உட்புறம் வெப்பத்தகடு ஒன்றைத் திருகிப் பொருத்தினேன். வெளிச்சமில்லாமல் வெப்பம் மட்டும் தரும் செராமிக் பல்பு மலிவு. ஆனால் தொட்டால் சுட்டுவிடும் அளவுக்குக் காயும். கம்பிக்கூடு போட்டால் அந்தக் கூட்டையே சுற்றிக்கொள்ளும் ஆளை வைத்துக்கொண்டு அதை மாட்ட எனக்குத் துணிவில்லை. தகட்டுக்குக் கீழே 32 டிகிரி, மறுகோடியில் 26. எங்கே படுப்பது என்பது அவள் விருப்பம்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைத்ததுதான் தவறு. அதன் சென்சாரை டேப் போட்டு ஒட்டியிருந்தேன். நான்காம் நாள் மங்கம்மா குளிர்ந்த கோடியில் தண்ணீர்ச் சட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். விலாவில் டேப். அதன் நுனியில் சென்சார், சட்டிக்குப் பக்கத்தில். 'இன்னும் குளிர்கிறது' என்று அது சொல்லச் சொல்ல, தகடு விடாமல் எரிந்திருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால் சூடான பக்கத்துத் தரை 41 டிகிரி.

டேப்பை இழுத்தால் செதிளும் சேர்ந்து வரும். பஞ்சை எண்ணெயில் நனைத்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு செதிளாக ஊறவைத்து உரித்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. அவள் பெருமூச்சு விட்டாளே தவிரக் கடிக்கவில்லை. பிறகு பெட்டிக்குள் எங்கும் டேப் கிடையாது. சென்சார் திருகுக் கிளிப்பில் இருக்கிறது. 36 டிகிரியைத் தாண்டினால் மின்சாரத்தை அடியோடு துண்டிக்கும் இரண்டாவது தெர்மோஸ்டாட்டும் சேர்த்தேன்.

முன்பெல்லாம் விழுங்கிய எலியை இரண்டாம் நாள் கக்கிவிடுவாள். உடல் சூடில்லாவிட்டால் செரிக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. புதிய பெட்டியில் ஒருமுறைகூடக் கக்கவில்லை.

ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு மேல் கண்ணாடி விளிம்பு நெடுக மூக்கை உரசிக்கொண்டு ஒரு சுற்று வருகிறாள். நானும் படுக்கப் போகுமுன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன்.