மணியின் கண்

எதிர்வீட்டு அக்காவின் நாய் மணி போன மாதம் இறந்துபோனது. "இந்த ஒரு போட்டோதான் இருக்கு தம்பி, வரைஞ்சு தருவியா?" என்று போனை நீட்டினார்.

ரொம்பக் கிட்டத்தில் எடுத்த படம். அப்படி எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். 8-க்கு 10 அங்குலக் கேன்வாஸில் 80 கட்டம் போட்டு, மூக்கை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

மணி கருப்பு நாய். ஆனால் கருப்பு டியூபை நான் தொடவே இல்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும் கலந்தால் வரும் கருப்பில்தான் உயிர் இருக்கிறது. முதுகின் பளபளப்பில் நீலம் தூக்கல், காதோரம் பழுப்பு தூக்கல். யாங்கோன் மழையில் எண்ணெய் வண்ணம் காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் கண். போட்டோவில் பிளாஷ் பட்டுப் பச்சையாக மின்னியது. நாயின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அப்படி. அதை விட்டுவிட்டேன். தெருவில் மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் விற்கும் வண்டி வந்தால் மணி நிமிர்ந்து பார்க்குமே, அந்தப் பழுப்புக் கண்ணை நினைவிலிருந்தே வரைந்து, மேலே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி வைத்தேன்.

இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா இடது காதின் கிழிசலை விரலால் தடவி, "இதையும் போட்டிருக்கியே" என்றார்.