மூன்றாம் மாதம் எடுத்த வீடியோ

பிறந்ததும் அவன் அழவில்லை. மூச்சு, இதயத்துடிப்பு, அசைவு எல்லாம் பார்த்து பிறந்த குழந்தைக்குப் பத்துக்குப் போடும் ஆப்கார் மதிப்பெண், ஐந்தாவது நிமிடத்தில் 4 என்று சீட்டில் இருந்தது, அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க போனில் அவன் எதிர்காலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தயவுசெய்து அப்படித் தேடாதீர்கள். அந்த நிமிடம் குழந்தை எப்படி இருந்தது என்பதைத்தான் ஆப்கார் சொல்லும், நடப்பானா பேசுவானா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

எட்டு மணி நேரம் கழித்து வலிப்பு வந்தது, வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, அது எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் சார்நட் அளவில் இரண்டாம் நிலை என்றார்கள். முதல் நிலை என்றால் பெரும்பாலும் தேறிவிடும், மூன்று என்றால் கவலைக்கிடம், இரண்டில்தான் எந்தப் பக்கமும் போகலாம். மூளைப் பாதிப்பைக் குறைக்க உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையைப் பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டுமாம், அது தாண்டிவிட்டது. நாம் முன்னாடியே கிளம்பியிருக்கணும் என்று என் கணவர் மாதக்கணக்கில் தூங்கவில்லை. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்ததால் பலன் தெரியவில்லை, இறப்புகூட அதிகமாக இருந்தது என்று டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆறாம் நாள் எம்.ஆர்.ஐ. மூளையின் உட்பகுதியில் இருக்கும் பேசல் கேங்லியா, தலாமஸ் பகுதியில் லேசான மாற்றம், இடது பக்கம் கொஞ்சம் கூடுதல். அந்த இடம் அடிபட்டால் கைகால் அசைவில் தெரியுமாம். "இப்ப உறுதியா எதைச் சொன்னாலும் பொய்யாயிடும்மா, எப்ப எதைப் பார்க்கணும்னு மட்டும் சொல்றேன்" என்றார் டாக்டர். எங்களைத் தாங்கியது அந்த வார்த்தைதான்.

பதினான்காவது வாரம் ஒரு வீடியோ எடுத்து வரச் சொன்னார். பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, பொம்மை காட்டாமல், யாரும் கொஞ்சாமல், அவன் விழித்து அமைதியாக இருக்கும்போது ஐந்து நிமிடம். எங்கம்மா கிலுகிலுப்பையோடு வந்து வந்து நின்றதில் மூன்று முறை எடுக்கவேண்டியதாகிவிட்டது. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதாய் ஒரு நெளிவு ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஃபிட்ஜெட்டி அசைவு என்று பெயர், ஏறக்குறைய 9 முதல் 20 வாரம் வரைதான் தெரியும், விட்டால் போச்சு. இவனுக்கு இருந்தது. மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு குறைபடும் பெருமூளை வாதம் கடுமையாக வரும் வாய்ப்பு குறைவு என்றார், பேச்சையும் புரிதலையும் பற்றி இது ஒன்றும் சொல்லாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

அப்புறம் குழந்தையின் நரம்பு வளர்ச்சியைப் பார்த்து மதிப்பெண் போடும் ஹாமர்ஸ்மித் பரிசோதனை, மொத்தம் 78-க்கு. மூன்றாம் மாதம் 59, ஒன்பதாம் மாதம் 71. அதற்குள் வீட்டில் ஒன்றைக் கவனித்திருந்தேன். வலது கட்டைவிரலை உள்ளே மடக்கியே வைத்திருந்தான், எதை நீட்டினாலும் இடது கைதான் வந்தது. இடக்கைப் பழக்கம், தாத்தா மாதிரி என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் உடனே சொல்லவேண்டும், அதைப் பழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் இருக்கும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) என்ற மையத்தில் இலவசமாகவே தெரபி தொடங்கினோம்.

இப்போது 17 மாதம். நடக்கிறான், வேகமாகப் போனால் வலது முழங்கை மடங்கிக்கொள்கிறது. தா, கா, அத்தை என்கிறான். இரண்டு வயதில், பேச்சு, புரிதல், அசைவு எல்லாவற்றின் வளர்ச்சியையும் பார்க்கும் பெய்லி பரிசோதனை இருக்கிறது. முறுக்கை வலது கையில் கொடுத்தால் இடது கைக்கு மாற்றிக்கொண்டுதான் கடிக்கிறான், நான் தினமும் வலது கையிலேயே கொடுக்கிறேன்.