அயோர்ட்டிக் வால்வு சுருக்கம்: எக்கோவில் 2 மில்லிமீட்டர் தவறினால்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து மகாதமனிக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள அயோர்ட்டிக் வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்கு எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) மூன்று எண்களைத் தருகிறது: வால்வு வழியே ரத்தம் பீய்ச்சும் உச்ச வேகம், வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம், வால்வு திறக்கும் பரப்பு. வேகம் விநாடிக்கு 4 மீட்டரைத் தொட்டாலோ, சராசரி வித்தியாசம் 40 மி.மீ. பாதரசத்தை எட்டினாலோ சுருக்கம் 'சிவியர்' (தீவிரம்). அப்போது பரப்பும் பெரும்பாலும் 1 சதுர செ.மீ.க்குக் கீழே இருக்கும். மூன்றும் ஒரே பக்கம் நின்றால் பிரச்சினை இல்லை. பரப்பு 0.9, சராசரி வித்தியாசம் 28 என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது? மூச்சு வாங்குகிறது என்று வந்த 70 வயதுக்காரருக்கு வால்வு மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதே இதில்தான் தொங்குகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வை அல்ல, அளந்த விதத்தை.

மூன்றில் பரப்பு மட்டும் நேரடியாக அளந்த எண் அல்ல, கணக்குப் போட்டு வருவது. வால்வுக்குச் சற்றுக் கீழே, இடது கீழறையின் வாசலை எல்.வி.ஓ.டி. என்போம். அந்த வாசலைத் தாண்டும் ரத்தம் அத்தனையும் வால்வையும் தாண்டியாக வேண்டும். ஆகவே வாசலின் பரப்பை அங்கு கிடைக்கும் வி.டி.ஐ.யால் (ஒரு துடிப்பில் ரத்தம் நகரும் தூரம்) பெருக்கி, வால்வில் கிடைக்கும் வி.டி.ஐ.யால் வகுத்தால் வால்வின் பரப்பு வந்துவிடும். வாசலை வட்டமாக வைத்துக்கொண்டு அதன் விட்டத்தை அளக்கிறோம். விட்டம் கணக்கில் இரு மடியாகப் போவதால் அதில் விழும் பிழையும் பெருகுகிறது.

வாசலின் வி.டி.ஐ. 25 செ.மீ., வால்வின் வி.டி.ஐ. 88 செ.மீ. என்று வையுங்கள். விட்டம் 2.0 செ.மீ. என்றால் வால்வின் பரப்பு 0.89. அதையே 2.2 என்று அளந்தால் 1.08. 1.8 என்றால் 0.72. திரையில் குறியை 2 மில்லிமீட்டர் தள்ளி வைத்ததில், ஒரே நோயாளி 'மாடரேட்'டிலிருந்து (நடுத்தரம்) 'சிவியரு'க்கு இடம் மாறிவிடுகிறார்.

அதனால் இந்த ஒரு அளவுக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். மார்பெலும்பின் இடது ஓரத்திலிருந்து எடுக்கும் நீள்வெட்டுக் காட்சியில், வால்வும் வாசலும் மட்டும் திரையை நிறைக்கும்படி ஜூம் செய்யுங்கள். கெயினை (படத்தின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) குறையுங்கள்; கெயின் கூடினால் சுவர்கள் தடித்து விட்டம் சின்னதாகிவிடும். இதயம் சுருங்கும் நேரத்தின் நடுவில், வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது படத்தை நிறுத்தி, ஒரு பக்கத்து உள்விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கத்து உள்விளிம்பு வரை, வால்வு இதழ்கள் ஒட்டியிருக்கும் இடத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ குறி வையுங்கள். கால்சியம் கட்டி உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அதன் முனையில் குறி விழக் கூடாது. விழுந்தால் விட்டம் குறைந்து, சுருக்கம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். மூன்று துடிப்புகளிலாவது அளந்து சராசரி எடுங்கள். இத்தனையும் செய்தாலும் ஒரு குறை மிஞ்சும்: வாசல் உண்மையில் வட்டமல்ல, நீள்வட்டம். நாம் அளப்பது பெரும்பாலும் அதன் குட்டை விட்டம். எக்கோ தரும் பரப்பு கொஞ்சம் குறைவாகவே வருவதற்கு இதுவும் காரணம்.

வேகத்தில் வரும் பிழை நேர் எதிர்த் திசையில் போகும். டாப்ளர் கற்றை (ரத்தத்தின் வேகத்தை அளக்க எக்கோ அனுப்பும் ஒலிக்கற்றை) ரத்தப் பீய்ச்சலுக்கு இணையாக விழாவிட்டால் வேகம் குறைந்துதான் தெரியும், ஒருநாளும் கூடாது. உண்மையான வேகம் 4.5 மீட்டர், கற்றை 30 டிகிரி சாய்வு என்றால் திரையில் 3.9தான் வரும். அழுத்த வித்தியாசம் வேகத்தின் இருமடியை 4ஆல் பெருக்கி வருவதால், 81 இருக்க வேண்டிய உச்ச வித்தியாசம் 61 ஆகிவிடும். இதயமுனையிலிருந்து மட்டும் பார்த்துவிட்டு ப்ரோபை (மார்பில் வைக்கும் எக்கோ கருவியை) துடைத்து வைப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. படம் தராத, பேனா போன்ற சின்ன ப்ரோபை எடுத்து, நோயாளியை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மார்பெலும்பின் வலது ஓரத்தில் தேடுங்கள். கழுத்துக்குழியிலும் தேடுங்கள். வயதானவர்களுக்கு உச்ச வேகம் வலது ஓரத்தில் கிடைப்பது சர்வசாதாரணம். எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்; அடுத்த முறை பார்ப்பவருக்கு அதுதான் வழிகாட்டி.

கிடைத்த அலை அயோர்ட்டிக் வால்வுடையதுதானா என்றும் பார்க்க வேண்டும். மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) கசிந்தால் அந்தக் கசிவின் அலையும் அதே திசையில், அதைவிட வேகமாக வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேரம்: மைட்ரல் அலை முன்னதாகத் தொடங்கி, பிந்தி முடியும். வேகத்தை அளக்கும்போது அடர்த்தியான விளிம்போடு நில்லுங்கள்; அதற்கு வெளியே புகைபோல மங்கலாகப் பறக்கும் இழைகளைச் சேர்க்கக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு) இருந்தால் 5 துடிப்புகளாவது சராசரி எடுங்கள். இடையில் வந்த அதிகப்படித் துடிப்பை அடுத்து வரும் பெரிய அலையை விட்டுவிடுங்கள். ரத்த அழுத்தத்தை அப்போதே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தம் எகிறியிருக்கும்போது வால்வின் வித்தியாசம் தணிந்து காட்டும்.

அளவெல்லாம் சரி, ஆனாலும் பரப்பு 0.9, சராசரி வித்தியாசம் 28தான் என்றால்? அடுத்து உடல்வாகைப் பார்க்க வேண்டும். 150 செ.மீ. உயரமும் 45 கிலோ எடையும் உள்ள பெண்ணின் உடற்பரப்பு ஏறக்குறைய 1.37 சதுர மீட்டர். 0.9ஐ அதால் வகுத்தால் 0.66. சிவியருக்கான எல்லை 0.6. அவருக்கு அந்த வால்வு மாடரேட்டாகவே இருக்கலாம். நம்மூரில் இத்தகைய உடல்வாகு நிறைய என்பதால் உயரமும் எடையும் இல்லாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட்தான்.

அதுவும் விளக்கவில்லை என்றால், ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 35 மி.லி.க்குக் குறைவா என்று பார்க்க வேண்டும். ஓட்டமே குறைவு என்றால் இறுகிய வால்விலும் வித்தியாசம் ஏறாது. இ.எஃப். (ஒரு துடிப்பில் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) விழுந்திருந்தால் டொபுடமின் எக்கோ, அதாவது இதயத்தின் சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்தைச் செலுத்தியபடி பார்க்கும் எக்கோ: கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி 20 வரை. ஓட்டம் கூடியும் பரப்பு 1க்குக் கீழேயே நின்று வித்தியாசம் 40ஐத் தொட்டால் சிவியர்தான். பரப்பு 1ஐத் தாண்டித் திறந்துகொண்டால், வால்வு அவ்வளவு மோசமில்லை, இதயத் தசைதான் பலவீனம். இ.எஃப். நன்றாக இருந்தும் ஓட்டம் குறைவு என்றால் சாய (கான்ட்ராஸ்ட்) ஊசி இல்லாத சிடியில் வால்வின் கால்சியத்தை எண்ணலாம். ஆண்களுக்கு 2000 யூனிட், பெண்களுக்கு 1200 யூனிட்டை எட்டினால் சிவியர் என்ற பக்கம் சாயலாம். பெண்களுக்கு எல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அவர்களுடைய வால்வு கால்சியத்தைவிட நார்த்திசுவால் அதிகம் இறுகுகிறது.

ஆண்டுதோறும் எக்கோ பார்ப்பவர்கள் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வளர்ந்தவருக்கு வாசலின் விட்டம் பெரிதாக மாறுவதில்லை. போன வருடம் 2.1, இந்த வருடம் 1.9 என்றிருந்து, பரப்பு மட்டும் குறைந்து வேகம் அப்படியே இருந்தால், வால்வு மேலும் சுருங்கிவிட்டது என்று பயப்படும் முன் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து விட்டத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.