ராடு வைத்த பிறகு ஏழு மாதம்

தொப்பூர் கணவாயில் பைக் சறுக்கி விழுந்ததில் வலது தொடை எலும்பு நடுவில் இரண்டாகிவிட்டது. மறுநாள் ஆபரேஷன். எலும்புக்குள் நீளமாக ஒரு ராடு, மேலேயும் கீழேயும் ஸ்குரூ. நான் மயக்கத்தில் இருந்ததால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தர்மபுரி வீட்டுக்கு வந்த பிறகுதான் பாடு.

ராடு எலும்பை ஒட்டவைக்காது, ஒட்டும்வரை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இது எனக்குப் புரியவே மூன்று மாதம் ஆனது. அந்த மாத எக்ஸ்ரேயில் உடைந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு பஞ்சுபோலத் தெரிய வேண்டுமாம். எனக்குக் கோடு அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்ததும் டாக்டர், “சிகரெட் உண்டா?” என்றார். நான் வாயைத் திறக்குமுன், “தினம் ஒரு பாக்கெட் சார்” என்றாள் மனைவி. புகை ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், எலும்பு கூடுவது தள்ளிப்போகும் என்றார். சுகர் மாத்திரையையும் நான் ஒழுங்காகப் போடவில்லை. வைட்டமின் டி குறைவு என்று வாரம் ஒரு பாக்கெட் 60,000 யூனிட் பொடி எழுதினார். அம்மாவின் கேழ்வரகுக் களிக்குத் தடையில்லை, ஆனால் சுகருக்காக உருண்டை சின்னதானது. அந்த இடத்தை முட்டையும் பயறும் பிடித்தன.

முட்டி தனிக்கதை. மடக்கினால் ராடு வளைந்துவிடும் என்று பயந்து ஒரு மாதம் காலை நீட்டியே கிடந்தேன். பிசியோதெரபி தம்பி வந்தபோது 40 டிகிரிகூட மடங்கவில்லை. படுத்தபடி குதிகாலைப் படுக்கையோடு தேய்த்துக்கொண்டே இழுக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிடும். “ராடு வளையாதுண்ணா, நீங்கதான் வளைய மாட்டேங்கறீங்க” என்பார். முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

ஐந்தாம் மாதம் கீழ்ப்பக்க ஸ்குரூ ஒன்றைக் கழற்றினார்கள். நடக்கும்போது உடம்பின் எடை எலும்பு முனைகளை ஒன்றோடொன்று அழுத்தட்டும் என்று. அப்புறம் வாக்கரில் தைரியமாகக் காலை ஊன்றச் சொன்னார்கள். சிகரெட்டையும் விட்டிருந்தேன். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஏழாம் மாதப் படத்தில் கோடு மங்கியிருந்தது.

வாக்கர் பரணுக்குப் போய்விட்டது. குந்தி உட்காரத்தான் இன்னும் வரவில்லை. கமோடு வைத்த கொத்தனாருக்குக் கூலி பாக்கி வேறு இருக்கிறது.