மொட்டை மாடியில் ஒரு வட்டம்: கேம்பர்வேனுக்குச் சுழலும் சீட் வைத்த கதை

பழைய டாடா விங்கர் வேன் ஒன்றை வாங்கி, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வண்டியாக மாற்றலாம் என்று யோசித்தபோது, கட்டில் எங்கே, அடுப்பு எங்கே என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. முன் சீட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கடைசியில் அம்மா கேட்டார்: "வண்டி நின்னப்புறம் நான் எங்கடா உக்கார்றது?"

அம்மாவுக்கு முட்டி தேய்மானம். தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். முன் சீட்டின் உயரமும் சாய்மானமும்தான் அவருக்குத் தோது. அதையே பின்பக்கம் திருப்பிவிட்டால் தனியாக ஒரு நாற்காலிக்கு இடம் ஒதுக்க வேண்டாம். யோசனை நன்றாகத்தான் இருந்தது.

விங்கரைத் தேர்ந்தெடுத்ததும் ஓரளவு இதற்காகத்தான். ஆம்னி, ஈக்கோ போன்ற வண்டிகளில் எஞ்சினே முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் திருப்ப அதன் அடியில் வைக்கிற சுழல் தட்டுக்கு அங்கே வழியே இல்லை. ஃபோர்ஸ் டிராவலர் வேனில் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே எஞ்சின் மூடி புடைத்துக்கொண்டு நிற்கும். விங்கர் முன்சக்கர இழுவை வண்டி. பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டு கிடையாது. அதனால் தரை தாழ்வாகவும் மட்டமாகவும் இருக்கிறது.

முதலில் போனது வட சென்னையில் மூலக்கடைப் பக்கம் தெரிந்த ஒரு பட்டறைக்கு. லாரி பாடி கட்டிக் கை பழகியவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "இன்னா தம்பி, லேத்துல ரெண்டு பிளேட்டு கடைஞ்சி நடுவுல ஒரு பேரிங் போட்டா சுத்தப் போவுது. இதுக்கு இவ்ளோ யோசனையா?"

சொன்ன விலையும் கம்மி. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டுவிட்டேன். இரவில்தான் உறைத்தது. சீட் பெல்ட்டின் பூட்டு அந்தச் சீட்டோடு இணைந்திருக்கிறது. வண்டி மோதினால் உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போலப் பல மடங்கு இழுவிசை அந்தத் தட்டுக்கும் நாலு போல்ட்டுக்கும்தான் வரும். சுற்றுவதற்கு ஒரு பேரிங் போதும். பிய்த்துக்கொண்டு போகாமல் பிடித்து வைக்க, அதற்கென்றே இழுத்துச் சோதித்த தட்டு வேண்டும். மறுநாள் போய், "அண்ணே, அலமாரி வேலை மட்டும் நீங்க பாருங்க" என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சட்டமும் குறுக்கே நின்றது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விடுவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எங்கள் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருவர் உட்காரும் நீள சீட். அதை எடுத்துவிட்டு ஒற்றை சீட் வைத்தால் எண்ணிக்கையே மாறுகிறது. கேரவன்களுக்கு ஏஐஎஸ் 124 என்று தனியாக ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி வண்டிக்கு பாடி கட்டித் தருகிற ஒரு பாடி பில்டரைப் பிடித்தோம். தட்டு, சீட், தரைக்கு அடியில் வலுவூட்டல், வரைபடம், ஆர்டிஓ வேலை எல்லாம் அவர் பொறுப்பு. உள்ளே எது எங்கே வரவேண்டும் என்ற அளவு மட்டும் என் பொறுப்பு.

அளவெடுக்க எங்கள் தெருவில் இடம் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் சந்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுத் திண்ணையில் இடிக்கும். ஆகவே வண்டிக்குள் எடுத்த அளவுகளை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சாக்பீஸால் தரையில் வரைந்தேன். கதவு, கதவுக்குப் பின்னால் உள்ள தூண், டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் கோடு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை சீட்டின் அளவுக்கு வெட்டி, பழைய ஆபீஸ் சுழல் நாற்காலியின் மேல் கட்டினேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அங்கேதான் என் கணக்கு எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. சீட்டின் அகலம் 50 செ.மீ. என்பதால் 50 செ.மீ. இடம் போதும் என்று நினைத்திருந்தேன். சாய்மானத்தை நிமிர்த்தி வைத்தால் முன்னிருந்து பின் வரை 62 செ.மீ. சுற்றும்போது கணக்கில் வருவது மூலைக்கு மூலை உள்ள தூரம், அதாவது ஏறக்குறைய 80. நடுவிலிருந்து 40 செ.மீ. வேண்டும். ஆனால் சீட்டின் நடுவிலிருந்து கதவின் உள்தகடு வரை இருந்தது 31தான். 9 செ.மீ. பற்றவில்லை. முட்டி உள்பக்கமாகத் திரும்ப, முதுகுச் சாய்மானத்தின் மூலை போய்க் கதவில் முட்டியது.

இதற்காகவே அச்சு நடுவில் இல்லாமல் விலகியிருக்கும் தட்டுகள் உண்டு. சுற்றச் சுற்ற சீட் வண்டியின் உள்பக்கமாக நகரும். எங்களுக்கு 6 செ.மீ. கிடைத்தது. மீதி 3 செ.மீ.க்குக் கதவைத் திறந்துகொண்டு திருப்ப வேண்டும். சந்தில் முடியாது; கடற்கரையில் நிறுத்தும்போது கதவைத் திறப்பதில் என்ன கஷ்டம் என்று விட்டுவிட்டேன். இந்த வகைத் தட்டில் இடது வேறு, வலது வேறு. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம். அங்கே ஓட்டுநர் தட்டு என்று விற்பது நமக்குப் பயணி பக்கத்துக்கு வரும். ஆர்டர் கொடுக்கும்போது 'ஓட்டுநர்', 'பயணி' என்று சொல்லாமல் இடது, வலது என்றே சொல்லுங்கள். பாடி பில்டர் கேட்டிருக்காவிட்டால் நான் தப்பாகச் சொல்லியிருப்பேன்.

அடுத்து உயரம். தட்டின் கனம் 4 செ.மீ.; சீட் அந்த அளவுக்கு உயரும். பின்னால் பிளைவுட்டும் வெப்பத் தடுப்பும் போட்டதில் தரையும் 3 செ.மீ. உயர்ந்தது, அதனால் இரண்டும் கிட்டத்தட்ட நேராகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அம்மா குள்ளம். மாடியில் அதே உயரத்துக்குச் செங்கல் அடுக்கி உட்கார வைத்துப் பார்த்தால் கால் தரையில் படவில்லை. தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்தியது. நான் டேப்பை வைத்துக்கொண்டு முழித்தேன். அவர் கீழே போய் மணையை எடுத்துவரச் சொல்லிக் காலுக்கடியில் போட்டுக்கொண்டார். அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது.

ஓட்டுநர் சீட்டையும் திருப்பலாம் என்று மனைவிக்கு ஆசை. எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கலாமாம். ஆனால் ஹேண்ட்பிரேக் அந்தச் சீட்டின் இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதை இறக்கி, சீட்டைத் திருப்பி, மறுபடி இழுத்துவிட வேண்டும். மறந்தால்? கடலைப் பார்த்துச் சரிவில் நிற்கிற வண்டி. வேண்டாம் என்றேன். அதனால் ஒரு லாபமும் கிடைத்தது. திரும்பாத சீட்டுக்குப் பின்னால் இடம் விட வேண்டியதில்லை. அடுப்பு மேடையை ஓட்டுநரின் முதுகை ஒட்டியே ஆரம்பித்துவிட்டோம்.

முதலில் அந்த மேடை இடப்பக்கம், தள்ளு கதவை ஒட்டி வருவதாக இருந்தது. அம்மாவின் சீட் திரும்பினால் அவர் கால் நீள்வது சரியாக அந்த வாசலில்தான். எங்கள் தட்டு நேர் முன், நேர் பின் இரண்டில் மட்டுமே பூட்டிக்கொள்ளும். நடுவில் நிறுத்த முடியாது. மேடையை வலப்பக்கம் மாற்றியதால் சீட்டின் விளிம்பிலிருந்து எதிரே 65 செ.மீ. கிடைத்தது. மேடையோரமாக ஓர் ஆள் உள்ளே நுழையவும் வழி இருக்கிறது.

வண்டி கைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. ஓடும்போது சீட் முன்பார்த்துப் பூட்டித்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணூர் உப்புக் காற்றுக்குத் தட்டின் ஓரத்தில் அதற்குள் லேசாகத் துரு பூத்தது, கிரீஸ் வைத்தேன். மடக்கு மேசையின் மூலை மட்டும் சீட்டின் கைப்பிடியில் தட்டிக்கொண்டே இருந்தது. மாடியில் வரைந்தபோது கைப்பிடியை மறந்திருக்கிறேன். மூலக்கடை அண்ணனிடமே போய் மூலையை ரம்பத்தால் உருட்டி எடுத்தேன். அவர் சீட்டை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். "பேரிங் நல்லாத்தான் இருக்குது" என்றார்.