உரிமச் சேவையகத்துக்கு இரண்டு வாசல்கள்

திங்கட்கிழமை காலை வகுப்பு தொடங்க 20 நிமிடங்களே இருந்தபோது, எங்கள் ஆய்வகத்தின் 40 கணினிகளிலும் மேட்லேப் என்னும் கணக்கீட்டு மென்பொருள் ஒரே பிழையைக் காட்டி நின்றது: உரிமச் சேவையகத்துடன் இணைய முடியவில்லை, பிழை எண் -15. மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு கணினிக்கும் உரிமம் கொடுக்கும் பொதுக் கணினியே உரிமச் சேவையகம். வெள்ளிக்கிழமை மாலைவரை எல்லாம் ஒழுங்காக ஓடியிருந்தன. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: வார இறுதியில் இயங்குதளப் புதுப்பிப்புக்காகச் சேவையகத்தை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திருந்தோம். இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளைக்குச் சேவையகம் பதில் தந்தது. 27000 என்ற போர்ட்டை, அதாவது சேவையகத்தின் நிரல் இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாசலை, சோதித்தால் அதுவும் திறந்தே இருந்தது. அப்படியிருந்தும் ஒரு கணினிக்குக்கூட உரிமம் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகங்கள் வாங்கும் அறிவியல் மென்பொருள்களில் பல, மேட்லேப், ஆன்சிஸ், கம்சோல் உட்பட, ஃப்ளெக்ஸ்நெட் என்னும் ஒரே உரிம முறையைச் சார்ந்திருக்கின்றன. அதில் சேவையகத்தில் ஓடுவது ஒரு நிரல் அன்று, இரண்டு. எல்எம்ஜிஆர்டி என்பது வாசலில் நிற்கும் பொது மேலாளர். வருகிற கணினியிடம் உனக்கு வேண்டியவர் இந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்புவதுடன் அதன் வேலை முடிகிறது. உரிமங்களை எண்ணி, கொடுத்து, திரும்பப் பெறுவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியாக உள்ள வெண்டர் டீமன் என்னும் பின்னணி நிரல். மேட்லேப்புக்கு அதன் பெயர் எம்எல்எம். முதலாவது கேட்கும் போர்ட், உரிமக் கோப்பின் சர்வர் வரியில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு எதுவும் எழுதாவிட்டால், அது ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இயங்குதளம் கொடுக்கிற ஏதோ ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துவைத்திருந்தால், என் அனுபவத்தில், உரிமச் சேவையகத் தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடும்.

அன்று எங்களுக்கு நேர்ந்ததும் அதுவே. சேவையகத்தில் நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, எல்எம்ஜிஆர்டி எம்எல்எம்மைத் தொடங்கிய வரியிலேயே அது எடுத்துக்கொண்ட டிசிபி போர்ட்டின் எண் தெளிவாக எழுதப்பட்டிருந்தது; அந்த எண்ணுக்கு, இணைப்புகளை வடிகட்டும் எங்கள் ஃபயர்வாலில் அனுமதி இல்லை. முன்பு சேவையகத்தை நிறுவியவர், அன்றைக்கு எந்தப் போர்ட்டில் ஓடிக்கொண்டிருந்ததோ அதற்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறார். அதன்பின் நெடுநாள் ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய தேவையே வராததால் குறை வெளியே தெரியவில்லை. நல்லவேளையாக, பதிவுக் கோப்பின் பெயருக்கு முன் ஒரு கூட்டல் குறி இட்டு, பழைய வரிகள் அழியாமல் தொடர்ந்து சேர்ந்துகொண்டே போகும்படி அவர் அமைத்திருந்தார். ஃபயர்வாலில் அனுமதி பெற்றிருந்த பழைய எண்ணை அங்கிருந்து எடுத்து, உரிமக் கோப்பின் டீமன் வரியின் இறுதியில் போர்ட் சமக்குறியுடன் எழுதி, இரண்டு நிரல்களையும் நிறுத்தித் தொடங்கினேன். முதல் கணினியில் மேட்லேப் திறந்தபோது வகுப்புக்கு இன்னும் ஆறு நிமிடங்கள் இருந்தன. பின்னர் நெட்வொர்க் பிரிவினரிடம் சொல்லி, 27000, 27001 என்ற இரண்டு எண்களை மட்டும் வளாகத்துக்குள் அனுமதிக்கச் செய்து, டீமனை 27001இல் நிலைப்படுத்தினோம்.

இதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்த்த தவறு பெயரில் இருக்கிறது. கணினி முதலில் எல்எம்ஜிஆர்டியை எந்தப் பெயரில் அழைத்தாலும், டீமனிடம் போகும்போது உரிமக் கோப்பின் சர்வர் வரியில் உள்ள பெயரையே பயன்படுத்தும். அங்கே டொமைன் இல்லாத குறும்பெயர் இருந்தால், நம் துறையின் கணினிகளில் அது வேலை செய்யும். அடுத்த கட்டடத்தில் வேறு டொமைனில் உள்ள கணினிக்கோ, விபிஎன் என்னும் பாதுகாப்பான இணைப்பு வழியாக வீட்டிலிருந்து வளாக நெட்வொர்க்குக்குள் வரும் ஆய்வு மாணவருக்கோ அந்தப் பெயர் எந்த முகவரியைக் குறிக்கிறது என்றே தெரியாது. ஆகவே சர்வர் வரியில் முழுப் பெயரையே எழுதுங்கள். அந்த வரியில் பெயரையும் போர்ட்டையும் நாம் மாற்றிக்கொள்ளலாம். சேவையகத்தை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் ஐடியைத் தொடக்கூடாது. பெரும்பாலும் அது நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியாக இருப்பதால், சேவையகத்தை மெய்நிகர் கணினியில் வைத்திருப்பவர்கள் அந்த முகவரியை நிலையாக வைத்திருப்பது அவசியம்.

பயனர் கணினிகளின் பக்கம் வேலை குறைவு. மேட்லேப்புக்கு நெட்வொர்க்.லிக் என்ற சிறு கோப்பில் சர்வர் வரி ஒன்றும், யூஸ்_சர்வர் என்ற வரி ஒன்றும் போதும். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் எல்எம்_லைசன்ஸ்_ஃபைல் என்ற சூழல் மாறியில் போர்ட் எண், அட் குறி, சேவையகப் பெயர் என்று எழுதினால் போதும். பல சேவையகங்களை எழுதும்போது விண்டோஸில் அரைப்புள்ளியும் லினக்ஸில் முக்காற்புள்ளியும் இட வேண்டும் என்பதை மறந்து ஒரு பிற்பகலையே இழந்தவர்களை நான் அறிவேன். அதைவிடக் கவனிக்க வேண்டியது பழைய முகவரிகள். ஒருமுறை வெற்றியாக இணைந்த சேவையகத்தின் பெயர் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடக்கூடும். சேவையகத்தை இடம் மாற்றிய பிறகும் மென்பொருள் அந்தப் பழைய இடத்தைத் தேடிக் காத்திருந்துவிட்டுத்தான் புதிய இடத்துக்கு வரும். மென்பொருள் திறக்க நெடுநேரம் எடுக்கிறது என்று ஒருவர் சொன்னால், நினைவகத்தைக் குறை சொல்வதற்கு முன் ரெஜிஸ்ட்ரியைப் பாருங்கள்.

இணைப்பு சரியானபின் எழுவது பங்கீட்டுச் சிக்கல். பிழை எண் -4 வந்தால், வழி திறந்தே இருக்கிறது, உரிமங்கள்தாம் தீர்ந்துவிட்டன என்று பொருள். எல்எம்ஸ்டாட் கட்டளை, எந்த உரிமத்தை யார், எந்தக் கணினியில், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று வரிவரியாகக் காட்டும். மேட்லேப்பில் டூல்பாக்ஸ் என்னும் கூடுதல் தொகுப்பு ஒன்றின் ஒரே ஒரு ஃபங்ஷனை அழைத்தாலும், அந்த டூல்பாக்ஸின் உரிமம் மேட்லேப்பை மூடும்வரை அவரிடமே இருக்கும் என்பது பயனர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு முனைவர் பட்ட மாணவி, சராசரிகளை ஒப்பிட ஒரே ஒரு வரிக்காகப் புள்ளியியல் டூல்பாக்ஸை அழைத்துவிட்டு, மூன்று நாள் ஓடும் சிமுலேஷனைத் தொடங்கியிருந்தார். அந்த ஒரு வரியைத் தனி நிரலாக்கி இறுதியில் ஓட்டும்படி இருவரும் சேர்ந்து மாற்றினோம். நீண்ட நேரம், பல பிரதிகளாக ஓட வேண்டிய நிரலை மேட்லேப் கம்பைலரால் தனிச் செயலியாக்கினால், ஓடும்போது அது உரிமம் எதையும் எடுக்காது.

டீமனுக்கான பங்கீட்டு விதிகளை எழுதும் ஆப்ஷன்ஸ் கோப்பில் ரிசர்வ் என்று எழுதி ஒரு குழுவுக்குச் சில உரிமங்களை ஒதுக்கிவைக்கும்படி பேராசிரியர்கள் கேட்பதுண்டு. நான் உறுதியாக மறுக்கிறேன். ஒதுக்கிய உரிமம் பயன்படாமல் கிடந்தாலும் வேறு எவருக்கும் போகாது, அது எல்லாருக்குமான பணத்தில் வாங்கியது. ஒருவர் எடுக்கக்கூடிய அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் மேக்ஸ் வரி அதே நோக்கத்தை நியாயமாக நிறைவேற்றும். எல்எம்ஸ்டாட் காட்டும் பெயர்ப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவும் நான் இசைவதில்லை. யார் எந்த இரவு எத்தனை மணிவரை வேலை செய்தார் என்பது சக ஊழியர்கள் அறிய வேண்டிய செய்தி அன்று. எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதும்.

வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக அந்த இரண்டு போர்ட்டுகளையும் இணையத்துக்கே திறந்துவிடும்படி ஒருமுறை கேட்டார்கள். அதைச் செய்யக்கூடாது, விபிஎன் வழி மட்டுமே போதும். விபிஎன் மந்தமாக இருந்து இணைப்பு அறுந்தால், ஃப்ளெக்ஸ்எல்எம்_டைம்அவுட் என்ற மாறியில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். அதன் அலகு மைக்ரோவிநாடி. ஒரு விநாடிக்கு 1000000 என்று எழுத வேண்டும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது வரும் புதிய உரிமக் கோப்பில், நாம் சேர்த்த போர்ட் எண் இருப்பதில்லை. இந்த ஆண்டு கோப்பு வந்ததும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, சர்வர் வரியில் முழுப் பெயரையும் டீமன் வரியில் 27001ஐயும் முதலில் எழுதினேன். சேவையகத்தைத் தொடங்கியபின், எம்எல்எம் தொடங்கிய வரியில் அதே எண் வந்திருப்பதைப் பதிவுக் கோப்பில் கண்ணால் பார்த்துவிட்டு, ஆய்வகத்தின் கடைசி வரிசையில் உள்ள ஒரு கணினியில் மேட்லேப்பைத் திறந்து பார்த்த பிறகே வீட்டுக்குக் கிளம்பினேன்.