வசனம் ஒரு எழுத்தில், விளக்கம் இன்னொரு எழுத்தில்

யூதப் பெரியவர்கள் தோராவை (பைபிளின் முதல் ஐந்து நூல்கள்) படிக்கும் வகுப்பில் முக்கால்வாசி வேலை வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அந்த வாரத்துக்குரிய தோராப் பகுதியில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி எழுந்த விளக்கங்களை ஏ4 தாளின் இரண்டு பக்கங்களுக்குள் அடுக்கிக் கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஆறு பகுதிகள் போதும். எட்டு, ஒன்பது என்று போனால், இருவர் இருவராக உட்கார்ந்து வாதாடிப் படிக்கும் ஹவ்ரூதா முறையில் யாரும் நான்காவதைத் தாண்டமாட்டார்கள். கடைசியில் வைத்த மாற்றுக் கருத்து கண்ணில் படாமலே போகும். அதனால் சண்டை மூட்டக்கூடிய பகுதியை மூன்றாம் இடத்துக்குள் வைத்துவிடுவது நல்லது.

ஓய்வுநாளான சபாத்தில் எழுதுவதும் அச்சிடுவதும் கூடாது. சனிக்கிழமை வகுப்பு என்றால் வெள்ளி மதியத்துக்குள் தாள்கள் தயாராகிவிட வேண்டும். யாரும் குறிப்பெடுக்க முடியாது என்பதால் கேள்விகளையும் தாளிலேயே அச்சடித்துவிட வேண்டும். கடவுளின் நான்கெழுத்துப் பெயர் உள்ள தாளைக் குப்பையில் போட முடியாது, கெனிசாவில் (பழைய புனிதத் தாள்களுக்கான சேமிப்பிடம்) சேர்த்து வைத்துப் புதைக்க வேண்டும். ஆகவே அந்தப் பெயருக்குப் பதிலாக ‘ஹே’ என்ற ஒற்றை எழுத்தைப் போடுவது வழக்கம்.

வசன எண்களில் சறுக்குவது அடிக்கடி நடக்கும். தமிழ் பைபிளில் உபாகமம் 12:32 ஆக இருப்பது எபிரேயப் பதிப்பில் 13:1. பல சங்கீதங்களில் தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால் எண் ஒன்று தள்ளிப்போகும். மல்கியாவில் தமிழில் நான்கு அதிகாரங்கள், எபிரேயத்தில் மூன்று. எந்தப் பதிப்பின் எண் என்பதைத் தாளின் தலையிலேயே குறித்துவிட்டால் அரைமணி நேரக் குழப்பம் மிச்சம்.

இதைவிட முக்கியமானது எழுத்துரு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸில் டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட பதிப்புகளில் வசனம் பெரிய சதுர எழுத்திலும் விளக்கவுரை வேறொரு சிறிய எழுத்திலும் இருக்கும். அந்தச் சிறிய எழுத்துக்கு ‘ராஷி எழுத்து’ என்று பெயர்; ஆனால் பிரான்சின் ட்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) அதில் எழுதியவரல்ல. அச்சுக்காரர்கள் விளக்கவுரைக்கென்று கையாண்ட வடிவம் அது. வேதம் எங்கே முடிகிறது, மனிதர் எங்கே பேசத் தொடங்குகிறார் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும். எங்கள் தாளிலும் வசனம் 14 புள்ளி, விளக்கம் 11 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர், ஊர், ஆண்டு. வசனத்துக்கும் விளக்கத்துக்கும் இடையே இந்த வித்தியாசத்தை விட்டுவிட்ட தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைக் கொண்டு பாடம் நடத்தக் கூடாது.

ஆதியாகமம் 4:8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காயீன் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான் என்று எபிரேய வசனம் தொடங்குகிறது; என்ன சொன்னான் என்பது இல்லை. அடுத்து வயல்வெளி, கொலை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் சமாரியரின் தோராவும் “வயலுக்குப் போவோம்” என்று இட்டு நிரப்புகின்றன. ‘ஆதியாகம ரப்பா’ என்ற மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்கம்) தொகுப்பு வேறு வழியில் போகிறது. அண்ணன் தம்பி உலகத்தைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்; ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்கு அசையும் பொருள்கள். “நீ நிற்கிற மண் என்னுடையது, பறந்து போ” என்கிறான் ஒருவன். “நீ உடுத்தியிருக்கிற துணி என்னுடையது, கழற்று” என்கிறான் மற்றவன். இது ஒரு பதில். ஆலயம் யாருடைய எல்லைக்குள் கட்டப்பட வேண்டும் என்பதில் வந்த தகராறு என்பது இரண்டாவது. ஒரு பெண்ணுக்காக என்பது மூன்றாவது. சொத்து, மதம், ஆசை என்று உலகத்தில் ரத்தம் சிந்தவைக்கும் காரணங்கள் எல்லாம் அந்த ஒரு வசனத்தின் இடைவெளிக்குள் வந்துவிட்டன. எது சரி என்று தொகுத்தவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்றையும் அருகருகே வைத்தார்கள்.

தொடர்களுக்கும் காமிக்ஸுக்கும் தீவிர ரசிகர்களாக இருக்கும் இளையவர்களுக்கு இது உடனே பிடிபடும். மூலக்கதையில் சொல்லாமல் விட்டதை ரசிகர்கள் எழுதி நிரப்புவதும், எது ‘கேனன்’ (அதிகாரபூர்வக் கதை), எது ரசிகர் கற்பனை என்று இரவு முழுக்க வாதிடுவதும் அவர்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை வகுப்புக்குள் தாராளமாக அனுமதிக்கலாம். ‘ஸ்டார் ட்ரெக்’கில் ஸ்பாக்காக நடித்த லியனர்ட் நிமோய், பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது ஜெபஆலயத்தில் ஆசாரியர்கள் ஆசீர்வதிக்கும்போது விரல்களை விரித்துப் பிடிப்பதைக் கண்டார், 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தில் அதையே ஸ்பாக்கின் வேற்றுக்கிரக இனமான வல்கன்களின் வணக்கமாக்கினார். அந்த முத்திரை தெரிந்தவர்களுக்கு எண்ணாகமம் 6:24–26ஐக் கொடுத்துப் பாருங்கள். எபிரேயத்தில் 3, 5, 7 சொற்களாக வளரும் மூன்று வசனங்கள் அவை. அந்த நேரத்தில் ஆசாரியர்களின் கைகளைச் சபை பார்க்கக் கூடாது என்ற மரபையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

கற்பனை வசனத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் கோளாறு. ஆபிரகாம் தன் தகப்பனின் விக்கிரகங்களை உடைத்தார் என்பதைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள், அது தோராவில் இருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள். அது இருப்பது அதே ஆதியாகம ரப்பாவில். குர்ஆனின் 21ஆம் சூராவிலும் அதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. ஆதியாகமம் 11:26 முதல் 12:1 வரை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் போதும். தேடிப் பார்த்துவிட்டு அவர்களே நிமிர்வார்கள்.

அரசியல் பாடத்துக்கு உபாகமம் 17 மாதிரி வளமான இடம் குறைவு. 8 முதல் 13 வரை நீதிபதிகளின் தீர்ப்புக்குக் கீழ்ப்படிதல். 14 முதல் 20 வரை அரசன். குதிரைகளையும் மனைவியரையும் வெள்ளி பொன்னையும் அவன் பெருக்கக் கூடாது, சகோதரருக்கு மேலாக நெஞ்சை உயர்த்தக் கூடாது, தோராவுக்குப் பிரதி எழுதி வைத்து வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும். தலைவனைத் தூக்கிக் கொண்டாடும் கூட்டத்துக்கு இங்கே இடமே இல்லை. நீதிபதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பவர்களும் உண்டு, அரசன் பகுதியை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. 2023இல் இஸ்ரேலில் நீதித்துறை மாற்றங்களுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியது போன்ற காலங்களில் இந்த அதிகாரத்தை எடுத்தால் முழுசாக எடுங்கள், ஜனங்கள் அரசனைக் கேட்கும் 1 சாமுவேல் 8உடன் சேர்த்து.

விளக்கங்களில் முதலில் யூத ஆசான்களான ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத், சன்ஹெத்ரின் நூல், தாள் 20ஆ: அரசனை ஏற்படுத்துவது கட்டளை என்கிறார் ரபி யெஹூதா, ஜனங்கள் முறுமுறுத்ததால் சொல்லப்பட்டது என்கிறார் ரபி நெஹோராய். பிறகு கட்டளை என்றே தீர்ப்பளிக்கும் 12ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். அடுத்து வேத உரையாசிரியர் அபிரவனேல் (1437–1508). போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அரசர்களின் நிதியைக் கவனித்தவர், 1492இல் யூதர்கள் துரத்தப்பட்டபோது ஸ்பெயினை விட்டு வெளியேறியவர். அரசன் தேவையில்லை என்று வெனிஸ், புளோரன்ஸ் குடியரசுகளைக் காட்டி வாதிடுகிறார். மைமோனிடிஸ், அபிரவனேல் இருவரின் பகுதிகளை மட்டும் பெயர் போடாமல் முதலில் கொடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தவுடன் “மைமோனிடிஸ் சொன்னால் அப்பீல் ஏது?” என்று ரசிகர் மனம் முந்திக்கொள்ளும், வாதத்தை எடைபோட ஆளிருக்காது. இருபது நிமிடம் கழித்துப் பெயர்களைச் சொல்லலாம். வெனிஸ் என்ற சொல்லை அதுவரை நீக்கி வையுங்கள், இல்லாவிட்டால் விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இஸ்ரவேலரைத் தாக்கிய அமலேக் இனத்தின் நினைவையே அழித்துவிடச் சொல்லும் உபாகமம் 25:17–19க்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். இன்றைய எதிராளியை, ஓர் இனத்தை, ஒரு கட்சியை அமலேக் என்று அழைக்கும் பேச்சு கொலைக்கு அனுமதிச் சீட்டாகிவிடும். அதனால் மிஷ்னா (ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பு) யாதாயிம் 4:4ஐ இரண்டாவது பகுதியாகவே போட்டுவிடுகிறோம். அம்மோனியர் சபைக்குள் வரக் கூடாது என்று தோரா சொல்லியிருக்க, மதம் மாறி வந்த அம்மோனியனைச் சேர்க்கலாமா என்ற வழக்கில், அசீரிய அரசன் சனகெரிப் எல்லா ஜாதிகளையும் எப்போதோ கலந்துவிட்டான் என்று ரபி யெஹோஷுவா வாதாடி அவனைச் சேர்க்கவைத்த இடம் அது; அப்படியானால் இன்று யாரையும் அமலேக் என்று சுட்டவும் முடியாது. வகுப்பில் யாராவது இன்றைய பெயர் ஒன்றைச் சொன்னால், “தாளில் எத்தனையாவது பகுதியிலிருந்து சொல்கிறீர்கள்?” என்று அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பதில் வராவிட்டால் எல்லோரும் இரண்டாவது பகுதியை இன்னொரு முறை சத்தமாக வாசித்துவிட்டு அங்கிருந்து தொடரட்டும்.